மக்காச்சோள வயலிலிருந்து அறங்காவல் கணக்கு வரை: அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள் செய்த வேலைகள்

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள் என்றாலே போகஹாண்டஸ், சகாகவியா என்ற இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர்களைத் தவிர யார் யார் இருந்தார்கள், உண்மையில் என்ன செய்தார்கள்?

பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் "முதல் பெண் மருத்துவர்", "முதல் பெண் பொறியாளர்" என்று அடுக்கிக்கொண்டே போனால் அவர்கள் செய்த வேலை கண்ணில் படாமல் போய்விடும். இந்த இனங்கள் பலவற்றில் வயலும் களஞ்சியமும் வீடும் பெண்கள் பொறுப்பில் இருந்தன. பிறகு அரசாங்கம் காகிதத்தில் ஒரு சட்டம் எழுதி நிலத்தைத் துண்டு போட்டது. அதற்குப் பின் வந்த பெண்கள் பலரும் அதே காகிதத்தை, அதாவது மனு, வழக்கு, கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போராடினார்கள். இந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டால் தனித்தனிப் பெயர்கள் ஒரு வரலாறாகச் சேரும். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் இருக்கும் இனங்களோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கனடாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் தனித்தனியாகவே எழுத வேண்டும்.

முதலில் அந்த இரண்டு பெயர்கள்

1607இல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் பூர்வகுடிகளிடம் பிடிபட்டபோது போகஹாண்டஸுக்கு 11 வயது இருக்கலாம். அவள் குறுக்கே பாய்ந்து அவர் உயிரைக் காப்பாற்றினாள் என்பது ஸ்மித் பல ஆண்டுகள் கழித்துத் தானே எழுதிய கதை. காதல் என்பது அதற்கும் பின்னால் ஒட்டவைத்தது. உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: 1613இல் ஆங்கிலேயர்கள் அவளைப் பிணைக்கைதியாகப் பிடித்தார்கள், 1614இல் ஜான் ரால்ஃபுக்கு மணமுடித்தார்கள், 1617இல் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் 21 வயதை ஒட்டி இறந்தாள்.

சகாகவியா விஷயத்தில் தவறு வேறு மாதிரியானது. அமெரிக்க அரசு மேற்கே பசிபிக் கரை வரை அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணம் (1804–1806) முழுவதற்கும் அவரே வழிகாட்டி என்று சொல்லிவிடுகிறார்கள். வழி சொன்ன இடங்கள் சில உண்டு. 1806 ஜூலையில் இன்று போஸ்மன் கணவாய் எனப்படும் பாதையைக் கிளார்க்குக்குக் காட்டியவர் அவர்தான். ஆனால் அவருடைய முதன்மையான வேலை மொழிபெயர்ப்பு. ஷோஷோனி இனத்தில் பிறந்து, சிறுமியாக ஹிடாட்சாக்களிடம் சிறைப்பட்டதால் அவருக்கு இரண்டு மொழிகளும் தெரியும். 1805 ஆகஸ்டில் மலையைத் தாண்டக் குதிரை வாங்க வேண்டியிருந்தபோது பேச்சு இப்படிப் போனது: லூயிஸ் ஆங்கிலத்தில் சொல்வார், குழுவிலிருந்த லபீஷ் அதைப் பிரெஞ்சில் சொல்வார், கணவர் ஷார்போனோ ஹிடாட்சாவில் சொல்வார், சகாகவியா ஷோஷோனியில் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். இந்தச் சங்கிலியில் ஷோஷோனி தெரிந்த ஒரே கண்ணி அவர். எதிரே உட்கார்ந்திருந்த தலைவர் காமியாவைட் அவருடைய அண்ணன் என்பது அந்தப் பேச்சின்போதுதான் தெரியவந்தது. குதிரை கிடைக்காவிட்டால் பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

நாட்குறிப்புகளில் இன்னும் நுணுக்கமான காட்சிகள் உண்டு. குளிர்கால முகாமிலிருந்து கிளம்பிய மூன்றாம் நாள், 1805 ஏப்ரல் 9 அன்று, சகாகவியா கூர்மையான குச்சியால் ஆற்றங்கரை மரக்கட்டைகளின் பக்கத்தில் குத்திப் பார்த்து, எலிகள் சேர்த்து வைத்திருந்த கிழங்குகளைத் தோண்டி எடுத்ததை லூயிஸ் எழுதியிருக்கிறார். அப்போது கைக்குழந்தைக்கு இரண்டு மாதம். குழந்தையோடு ஒரு பெண் கூட வருவதே "இவர்கள் சண்டைக்கு வரவில்லை" என்று பிற இனங்களுக்குக் காட்டியதாகக் கிளார்க் குறித்து வைத்தார். பயணம் முடிந்ததும் ஷார்போனோவுக்குச் சுமார் 500 டாலர் சம்பளமும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. சகாகவியாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வயல்: பஃபலோ பேர்ட் உமன்

ஒரே ஒருவரைப் பற்றித்தான் படிக்க முடியும் என்றால் இவரைப் படியுங்கள். 1839ஐ ஒட்டி மிசூரி ஆற்றங்கரையில், இன்றைய வட டகோட்டாவில் பிறந்த ஹிடாட்சா பெண். தன் இனத்துப் பெண்கள் பயிர் செய்த முறையை அவர் அங்குலம் அங்குலமாகச் சொல்ல, மகன் எட்வர்ட் குட்பேர்ட் மொழிபெயர்க்க, கில்பர்ட் வில்சன் என்ற மானுடவியலாளர் எழுதிக்கொண்டார். 1917இல் மினசோட்டா பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. வட சமவெளியின் குறுகிய கோடைக்குள் மக்காச்சோளத்தை எப்படி விளைய வைத்தார்கள் என்பதற்கு இதைவிட விரிவான பதிவைக் காண்பது அரிது.

மேட்டுப் புல்வெளியை அவர்கள் உழவில்லை. புல்வேர் பின்னிக் கிடக்கும் அந்த மண்ணை எலும்புக் களைக்கொட்டும் தோண்டுகோலும் கொண்டு உடைக்க முடியாது, வறட்சியில் அது பயிரையும் காக்காது. ஆற்றோரத்து மரத்தோப்பு நிலத்தைத் திருத்தினார்கள். மண் பொலபொலவென்று இருக்கும், ஈரம் நிற்கும். ஏப்ரலில் முதல் விதை சூரியகாந்தி, அதுவும் வயலின் ஓரத்தில் மட்டும். காட்டு நெல்லிப் புதர் இலை விட்டு நிறையும்போது மக்காச்சோளம். சுமார் 4 அடிக்கு ஒன்றாகச் சிறு மண்மேடு, மேட்டுக்கு 6 முதல் 8 மணிகள். இதைவிட நெருக்கினால் செடி சிறுத்து, கதிரில் மணி பிடிக்காது என்று காரணமும் சொல்கிறார்.

பரங்கி விதையை நேரே மண்ணில் போட மாட்டார்கள். ஈரப் புல்லோடும் இலையோடும் கலந்து, தோலில் பொதிந்து, வீட்டுக்குள் நெருப்பின் அருகே தொங்கவிட்டு முளை கட்டுவார்கள். முளைத்த விதையை மேட்டின் உச்சியில் வைக்காமல் சரிவில் நடுவார்கள். உச்சியில் மழை அடித்து மேல்மண் இறுகிவிட்டால் முளை அதை முட்டி வெளியே வர முடியாது. சரிவில் பக்கவாட்டில் எளிதாக வந்துவிடும். பரங்கிக்குப் பிறகு, மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே அவரை. கதிர் பிடித்ததும் வயலில் பரண் கட்டி, பெண்களும் சிறுமிகளும் பாடிக்கொண்டே காவல் இருப்பார்கள். காக்கை, குதிரை, கதிர் திருட வரும் பையன்கள் என்று விரட்ட ஆள் குறைவில்லை.

விதை எடுப்பதில்தான் இவர்களுடைய அறிவு முழுதாகத் தெரிகிறது. அறுவடையில் நல்ல கதிர்களின் தோகையை உரித்துவிடாமல், ஐம்பதுக்கும் மேற்பட்ட கதிர்களைச் சடையாகப் பின்னிக் காயவைப்பார்கள். விதைக்கு அந்தச் சடையிலிருந்துதான் எடுப்பார்கள். அதிலும் கதிரின் நுனி மணியும் அடி மணியும் வேண்டாம், நடுவில் இருப்பவை மட்டும். ஓர் ஆண்டுக்கு வேண்டியதைப் போல இரு மடங்கு எடுத்து வைப்பார்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் பொய்த்தாலும் விதை இருக்கும். இரண்டாம் ஆண்டு வரை விதை நன்றாக முளைக்கும், அதற்கு மேல் நம்ப முடியாது என்பது அவர்கள் கணக்கு. ஒன்பது ரக மக்காச்சோளம் வைத்திருந்தார்கள். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் கலந்துவிடும் என்பது தெரிந்து தள்ளித் தள்ளி விதைத்தார்கள். ரகக் கலப்பைத் தடுக்க இன்றைய விதை உற்பத்தியாளர்கள் விடும் இடைவெளிக்கும் காரணம் இதுதான்.

சேமிப்பு தரைக்கு அடியில். வாய் குறுகி வயிறு அகன்ற குழி, உள்ளே இறங்க ஏணி வேண்டும். அடியிலும் சுவரிலும் காய்ந்த புல் பரப்புவார்கள். சுவரை ஒட்டிச் சடை பின்னிய கதிர்கள். நட்ட நடுவில் காய்ந்த பரங்கித் துண்டுகளின் சரங்கள், அவற்றைச் சுற்றி உதிர்த்த மணிகள். எளிதில் பூசணம் பிடிப்பது பரங்கிதான், அதனால் மண்ணின் ஈரம் அதை எட்டாதபடி மணிகளே அரணாக நிற்கும். வாயை மூடி, மேலே மண்ணும் சாம்பலும் தூவிவிடுவார்கள். ஊர் வேட்டைக்குப் போன சமயத்தில் பகைவர் வந்தாலும் குழி இருக்கும் இடம் தெரியாது.

அந்த ஆற்றோர நிலத்துக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். மிசூரியின் குறுக்கே கட்டிய காரிசன் அணை 1953இல் நீரைத் தேக்கியபோது, மண்டான், ஹிடாட்சா, அரிகாரா மக்களின் 1,50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் மூழ்கியது. அவர்களிடம் இருந்ததிலேயே நல்ல விளைநிலம் அதுதான். அந்த நீர்த்தேக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் சகாகவியா ஏரி.

கிழக்கே ஹோடனோசோனி, அதாவது இரோக்வா கூட்டமைப்பில், வயலின் மீது இருந்த உரிமை அரசியல் அதிகாரமாகவே மாறியிருந்தது. குலம் தாய்வழி. தலைவர் யார் என்று நியமிப்பவர் குலத்தாய். தலைவர் தவறினால் மூன்று முறை எச்சரிப்பார், அதற்கும் திருந்தாவிட்டால் பதவியைப் பறிப்பார். போருக்குப் போகிறவர்களுக்கு உலர்ந்த மக்காச்சோளமும் காலணியும் பெண்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் கொடுக்க மறுத்தால் போர் நடக்காது.

நிலத்தைத் துண்டு போட்ட சட்டம்

1887இல் வந்த டாஸ் சட்டம் கூட்டு நிலத்தைப் பிரித்தது. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், 18 வயது கடந்த தனியாளுக்கு 80, சிறார்களுக்கு 40. மணமான பெண் தனிக் கணக்கில் வரவே இல்லை. வயலே பெண்களுடையது என்று இருந்த இனங்களில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 1891இல் ஆளுக்கு 80 ஏக்கர் என்று திருத்தினார்கள். பிரித்தது போக மிஞ்சியதை "உபரி" என்று வெளியாருக்கு விற்றார்கள். 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934இல் சுமார் 4.8 கோடியாகச் சுருங்கியது. இதற்குப் பின் வரும் பெண்களைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவம்

ஒமாஹா இனத்தின் சூசன் லா ஃப்ளெஷ் பிகாட் 1889இல் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் முதல் மாணவியாகத் தேறி ஊர் திரும்பினார். 1,350 சதுர மைல், 1,200க்கும் மேற்பட்ட மக்கள், ஒரே மருத்துவர். அரசு கொடுத்த சம்பளம் ஆண்டுக்கு 500 டாலர். காசநோய் பரவும் வழிகளில் அவர் கை வைத்தார்: பொதுத் தண்ணீர்க் குவளையை எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பதை நிறுத்தச் சொன்னார், ஈ வராமல் கதவிலும் சன்னலிலும் வலை அடிக்கச் சொன்னார். நெப்ராஸ்காவின் வால்தில்லில் 1913இல் மருத்துவமனையைத் திறந்து வைத்துவிட்டு 1915இல் இறந்தார். ஒமாஹா மக்களின் நிலப் பத்திர விவகாரங்களுக்காக அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களும் அவர் வேலையில் ஒரு பெரும்பங்கு.

நவஹோக்களின் ஆனி டாட்ஜ் வானெகா 1951இல் இனக்குழு சபைக்குத் தேர்வானார். பல இடங்களில் அவரைச் சபையின் "முதல் பெண்" என்று எழுதுகிறார்கள். லில்லி நீல் 1946இலேயே தேர்வாகிவிட்டார். வானெகாவின் பெருமைக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. காசநோய்க்கு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டிய காலம் அது. மரணம் நிகழ்ந்த இடத்தை நவஹோக்கள் அஞ்சி விலகுவார்கள், மருத்துவமனையோ மரணம் நிகழும் இடம். அதனால் நோயாளிகள் பாதியில் ஓடிவிடுவார்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். வானெகா குடில் குடிலாகப் போய் உட்கார்ந்து, கிருமி என்றால் என்ன, மருந்தை ஏன் இடையில் நிறுத்தக்கூடாது என்று அவர்கள் மொழியிலேயே சொன்னார். வானொலியில் நவஹோவில் நிகழ்ச்சி நடத்தினார், மருத்துவச் சொற்களுக்கு ஆங்கில–நவஹோ அகராதி தயாரிக்க முன்நின்றார். நல்ல மருந்து கையில் இருந்தும் நோயாளி நடுவில் நிறுத்திவிட்டால் பயன் இல்லை. அந்த இடைவெளியை அடைத்ததுதான் அவர் சாதனை. 1963இல் அவருக்குக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

மூன்றாவதாக ஒருவர்: மருத்துவர் கானி பிங்கர்ட்டன்-யூரி. பூர்வகுடிப் பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் சரியான சம்மதமின்றிக் கருத்தடை அறுவை நடக்கிறது என்று 1970களில் அம்பலப்படுத்தியவர். 1976இல் அரசின் தணிக்கை அமைப்பு 12 சுகாதார வட்டாரங்களில் நான்கை மட்டும் ஆராய்ந்தது. 1973 முதல் 1976 வரை அங்கே 3,406 கருத்தடைகள் நடந்திருந்தன. சம்மதப் படிவங்களில் குறைகள் இருந்தன, காத்திருப்பு நேர விதி மீறப்பட்டிருந்தது, 21 வயது நிரம்பாதவர்களுக்கும் தடையை மீறிச் செய்திருந்தார்கள். இந்தத் தகவல் இல்லாத எந்தப் பட்டியலும் முழுமையானதாக இருக்காது.

கறுப்புப் பானை

நியூ மெக்சிகோவின் சான் இல்டஃபோன்சோ பியூப்லோ என்ற பூர்வகுடி ஊரைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ் (இறப்பு 1980) செய்த பானைகள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அகழ்வாய்வில் கிடைத்த பழைய ஓடுகளைப் பார்த்து அதைப்போல் செய்ய முயன்றதில் தொடங்கி, 1919ஐ ஒட்டி அவரும் கணவர் ஹூலியானும் கறுப்பின் மேல் கறுப்புக் கோலம் என்ற பாணியைக் கண்டடைந்தார்கள். சக்கரம் கிடையாது. களிமண்ணோடு எரிமலைச் சாம்பல் கலந்து பிசைந்து, கயிறு போலத் திரித்துச் சுற்றிச் சுற்றி எழுப்பி, சுரண்டி வழவழப்பாக்குவார். சாம்பல் கலக்காவிட்டால் சுடும்போது மண் விரிசல் விடும். இரும்புச் சத்துள்ள செம்மண் குழம்பைப் பூசி, அது காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை, நடுவில் விட்டால் மங்கல் கோடு விழும். மெருகேறிய பரப்பின் மேல் ஹூலியான் யூக்கா என்ற செடியின் நார்த் தூரிகையால் களிமண் குழம்பில் கோலம் போடுவார். சுட்ட பிறகு கோலம் மங்கலாகவும் மற்ற இடம் கண்ணாடிபோலவும் நிற்கும்.

சூளை திறந்த வெளியில். இரும்புச் சட்டத்தின் மேல் பானைகளைக் கவிழ்த்து, தகரத்தால் மூடி, அடியில் சிறாய், சுற்றிலும் வறட்டி அடுக்கிப் பற்றவைப்பார்கள். இந்தக் கட்டத்தில் எடுத்தால் பானை சிவப்பு. சூடு உரிய அளவுக்கு ஏறியதும் பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி நெருப்பை முழுக்க அமுக்கிவிடுவார்கள். உள்ளே காற்று இல்லாததால் செம்மண்ணின் இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கறுக்கும், புகைக்கரியும் பரப்பில் ஏறும். மூடியதில் ஓர் ஓட்டை இருந்து காற்று புகுந்தாலும் அந்த இடம் செம்புள்ளியாகிவிடும். பானையில் ஈரம் மிச்சமிருந்தால் வெடிக்கும். சூடு எல்லை மீறினால் மெருகு போய்விடும். அதனால்தான் காற்றடிக்காத நேரமாகப் பார்த்துச் சுடுவது.

மரியா இந்த முறையை ஊர் முழுவதற்கும் கற்றுக்கொடுத்தார். தன் கையொப்பத்துக்கு விலை ஏறியபோது மற்றப் பெண்கள் செய்த பானைகளிலும் தன் பெயரைப் போட்டுக்கொடுத்தார். சேகரிப்பாளர்களுக்கு இது இன்றுவரை தலைவலி. ஊரே பிழைக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு அதில் தவறு தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சட்டமும் சபையும்

கான்சாஸ் சிட்டியின் நடுவே வயாண்டாட் இனத்தின் பழைய இடுகாடு இருக்கிறது. 1906இல் அதை விற்க அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) அனுமதி அளித்தது. லைடா கான்லியின் தாய் புதைக்கப்பட்ட இடம் அது. சகோதரிகள் அங்கேயே குடிசை கட்டி, துப்பாக்கியோடு காவலிருந்தார்கள். வழக்கறிஞரான லைடா, அரசு வயாண்டாட்களோடு செய்த 1855 ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டு, 1910இல் உச்ச நீதிமன்றத்தில் தானே வாதிட்டார். தோற்றார்: ஒப்பந்தத்தைக் காட்டித் தனியாள் உரிமை கோர முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் வழக்கு நடந்த ஆண்டுகளில் விற்பனை நகரவில்லை, 1913இல் காங்கிரஸ் அந்த அனுமதியையே திரும்பப் பெற்றது. இடுகாடு இன்றும் இருக்கிறது.

அலாஸ்காவில் ட்லிங்கிட் இனத்தின் எலிசபெத் பெராட்ரோவிச் 1941இல் ஜூனோ அருகே ஒரு விடுதிக் கதவில் பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைக் கண்டு, கணவரோடு சேர்ந்து ஆளுநருக்கு எழுதினார். பாகுபாட்டுத் தடை மசோதா 1943இல் கீழவையில் 8க்கு 8 என்று சமமாகி விழுந்தது. அடுத்த தேர்தலுக்குள் அலாஸ்கா பூர்வகுடிச் சகோதரத்துவ அமைப்புகள் ஊர் ஊராக வேலை செய்து, 1944இல் பூர்வகுடிகள் இருவர் சபைக்குள் வந்தார்கள். 1945 பிப்ரவரி 5 அன்று மேலவையில் எலிசபெத் பேசினார். சட்டம் போட்டால் பாகுபாடு ஒழிந்துவிடுமா என்ற கேள்விக்கு, திருட்டுக்கும் கொலைக்கும் எதிராகச் சட்டம் இருப்பதால் அவை நின்றுவிட்டனவா என்று திருப்பிக் கேட்டார். 11க்கு 5 என்று மசோதா நிறைவேறி, பிப்ரவரி 16 அன்று கையெழுத்தானது. மீறினால் 250 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் நாடு தழுவிய குடிமை உரிமைகள் சட்டம் வருவதற்கு 19 ஆண்டு முன்பு இது. அந்தப் பேச்சு புகழ் பெற்றதில் வியப்பில்லை, என்றாலும் வாக்குக் கணக்கை மாற்றியது இடைப்பட்ட இரண்டாண்டு வேலைதான்.

செரோக்கி இனத்தின் வில்மா மான்கில்லர் தலைவர் பதவிக்கு (1985–1995) வந்த கதைக்கு அடித்தளம் ஒரு தண்ணீர்க் குழாய். ஓக்லஹோமாவின் பெல் என்ற சிற்றூரில் பல வீடுகளுக்குக் குழாய் நீர் இல்லை. 1980களின் தொடக்கத்தில் குழாயும் தொழில்நுட்பமும் திட்டத்தின் பொறுப்பு, பள்ளம் தோண்டிப் பதிப்பது ஊராரின் பொறுப்பு என்று மான்கில்லர் முன்நின்று பேசி, சுமார் 26 கிலோமீட்டர் பதித்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுத்ததால் பராமரிப்பும் ஊராருடையதாயிற்று. அதே இனத்தின் மேரி கோல்டா ராஸ் (1908–2008) 1942 முதல் லாக்ஹீட் விமான நிறுவனத்தில் பி-38 போர் விமானச் சிக்கல்களில் தொடங்கி, பிறகு அதன் இரகசியப் பிரிவில் விண்கலப் பாதைக் கணக்குகள் வரை போனார். அந்த வேலைகளில் பெரும்பகுதி இரகசியம் என்பதால் அவரைப் பற்றி விரிவாக எழுத வழியில்லாமல் போயிற்று.

எலூயிஸ் கோபெல்: கணக்கைக் காட்டு

டாஸ் சட்டத்தில் நிலம் பெற்றவர் அதை நேரடியாகக் குத்தகைக்கு விட முடியாது. அரசாங்கமே அறங்காவலர். மேய்ச்சல், எண்ணெய், மரம் எதற்கானாலும் குத்தகைப் பணம் அரசிடம் வரும், அது உரியவர் பெயரிலுள்ள கணக்கில் போட்டுக் கொடுக்கும். நிலத்துக்குரியவர் உயில் இல்லாமல் இறந்தால் நிலம் பிரியாது, உரிமை மட்டும் வாரிசுகளிடையே பிரியும். தலைமுறைக்கு நான்கு வாரிசு என்று வையுங்கள்: 4, 16, 64, 256. நான்கு தலைமுறையில் 160 ஏக்கருக்கு 256 பேர் உரிமையாளர். 1,000 டாலர் குத்தகை வந்தால் ஆளுக்கு 3 டாலர் 91 சென்ட். நிலத்தில் எதையும் செய்ய இத்தனை பேரிடையே சம்மதம் திரட்டுவது கடினம், அதனால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எந்தக் குத்தகைக்கு எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போனது என்ற பேரேடே சரியாக இல்லை.

மான்டனாவின் பிளாக்ஃபீட் இனத்தில் பொருளாளராக இருந்த எலூயிஸ் கோபெல் இதைக் கண்டது புத்தகங்களைச் சரிபார்க்கும்போதுதான். 1987இல் ரிசர்வேஷனிலேயே, அதாவது அந்த இனத்துக்கென ஒதுக்கிய நிலப்பகுதியிலேயே, வங்கி தொடங்கியவர் அவர். 1996 ஜூன் 10 அன்று உள்துறை, கருவூலத் துறைகள் மீது வழக்குப் போட்டார். அவர் எதைக் கேட்டார் என்பது முக்கியம். நட்டஈடு கேட்டிருந்தால் நட்டம் எவ்வளவு என்று வாதிதான் நிரூபிக்க வேண்டும், அதற்கான காகிதங்களோ அரசிடம். அவர் கேட்டது "கணக்கைக் காட்டு" என்பது. அறங்காவலரின் அடிப்படைக் கடமை அது, நிரூபிக்கும் பாரம் அரசின் தலையில் விழும். 1997இல் கிடைத்த மக்ஆர்தர் உதவித்தொகையையும் வழக்கில் போட்டார்.

அரசால் காட்ட முடியவில்லை. ஆவணங்கள் தராததற்காக 1999இல் இரண்டு அமைச்சர்கள் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானார்கள். கருவூலத் துறை 162 பெட்டி ஆவணங்களை அழித்தது வெளியே வந்தது. கணக்குத் தரவுகளுக்குப் பாதுகாப்பில்லை என்று 2001 டிசம்பரில் உள்துறைக் கணினிகளை இணையத்திலிருந்து துண்டிக்க நீதிபதி உத்தரவிட்டார். அந்த நீதிபதியையே 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கிலிருந்து மாற்றியது. 2008இல் வேறு நீதிபதி 45.56 கோடி டாலர் என்று முடிவு செய்தார், அதுவும் ரத்தானது. 2009 டிசம்பரில் 340 கோடி டாலருக்குச் சமரசம். அதில் 150 கோடி கணக்குதாரர்களுக்கு, 190 கோடி சிதறிய உரிமைகளை விரும்பி விற்பவர்களிடம் வாங்கி இனக்குழுவிடம் சேர்க்க, இந்தப் பகுதியை ஒட்டி 6 கோடி வரை மாணவர் உதவித்தொகைக்கு.

உண்மையான இழப்பை ஒப்பிட்டால் இந்தத் தொகை சிறியது என்று பூர்வகுடிகளுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு இருந்தது. அது நியாயமான எதிர்ப்பு. முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்ததால் ஒப்புக்கொண்டதாகக் கோபெல் தரப்பு சொன்னது, அதுவும் உண்மை. அவர் 2011 அக்டோபர் 16 அன்று இறந்தார். முதல் காசோலைகள் 2012 டிசம்பரில் போயின. நிலம் திரும்ப வாங்கும் திட்டம் 2022இல் முடிந்தபோது ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கருக்கு நிகரான உரிமைகள் இனக்குழுக்களிடம் சேர்ந்திருந்தன.

நீங்களே தேடப் போனால்

1885 முதல் 1940 வரையிலான பூர்வகுடிக் கணக்கெடுப்புப் பட்டியல்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெண்ணின் பெயரில் நேரே தேடினால் பெரும்பாலும் சிக்க மாட்டார். வீட்டுத் தலைவரின் பெயருக்குக் கீழே "மனைவி", "மகள்" என்று இருப்பார். அதனால் முதலில் தந்தை அல்லது கணவர் பெயரைப் பிடியுங்கள், பிறகு வயதை வைத்து ஆண்டுவாரியாகப் பின்தொடருங்கள். ஒரே பெண்ணுக்குத் தாய்மொழிப் பெயர், அதன் ஆங்கில வடிவம், ஞானஸ்நானப் பெயர், மறுமணத்துக்குப் பின் வேறு குடும்பப் பெயர் என்று நான்கு பதிவுகள் இருக்கலாம். எழுத்துக்கூட்டல் எழுத்தரைப் பொறுத்து மாறும், எல்லா இனத்துக்கும் எல்லா ஆண்டுப் பட்டியலும் கிடையாது.

இணையத்தில் இந்தப் பெண்கள் பெயரில் சுற்றும் பொன்மொழிகளை, அவை பேசப்பட்ட நாளும் இடமும் கிடைக்கும்வரை பயன்படுத்தாதீர்கள். "இளவரசி" என்ற அடைமொழியோடு வரும் புகைப்படங்களில் இருப்பது பெரும்பாலும் வேறு யாராவதுதான். பல இனக்குழுக்கள் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றைத் தாங்களே நடத்துகின்றன. படத்தில் இருப்பவர் யார், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது, எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அங்கே கேட்டுவிட்டு எழுதுங்கள்.